புகழுரையும் எல்லைக் குறிப்பும்: எங்க ஊர்ச் செப்பேட்டை வாசிப்பது எப்படி?

சின்னமனூர் என்றால் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு வாழைத்தாரும் முல்லைப்பெரியாற்றுப் பாசன நெல்வயலும் நினைவுக்கு வரும். வரலாற்று ஆர்வலர்களுக்கு ஒரே ஒரு வரிதான் நினைவுக்கு வரும். பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கினார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள் என்று சொல்கிற செப்பேட்டு வரி. சங்கம் இருந்ததா இல்லையா என்ற விவாதம் எங்கே தொடங்கினாலும் பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருத்தர் "சின்னமனூர்ச் செப்பேடே சொல்லுதே, அப்புறம் என்ன?" என்று எடுத்துப் போடுவார். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? "அதே செப்பேட்டுல பாண்டியன் இராவணனோட சமாதானம் பண்ணிக்கிட்டான்னும் இருக்கு, அதையும் நம்பப் போறீங்களா?" என்று திருப்பி அடிப்பார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒரு தரப்பு அந்த வரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி "சொன்னது நிஜம்" என்கிறது. இன்னொன்று அதே கூண்டில் ஏற்றி "பொய்ச்சாட்சி" என்கிறது. அந்த வரி சாட்சி சொல்வதற்காக எழுதப்பட்டதா, யார் காதில் விழுவதற்காக எழுதப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. செப்பேட்டை மேற்கோள் காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் செப்பேட்டை வாசித்ததில்லை என்பது என் குற்றச்சாட்டு. அந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். சின்னமனூரில் கிடைத்தவை இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள். சிறியது, பெரியது என்றே ஆய்வாளர்கள் குறிப்பிடுவார்கள். மேலே சொன்ன வரி பெரியதில் இருக்கிறது. அது இராசசிம்ம பாண்டியனின் 16-ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். தமிழ் வாசகர்கள் முழுப் பாடத்தையும் படிக்க 1967-இல் வெளிவந்த ‘பாண்டியர் செப்பேடுகள் பத்து’ தொகுப்பைத் தேடிப் பிடிக்கலாம். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுச் செப்பேட்டையும் ஒருமுறை வாசித்தால் ஒரு விஷயம் உடனே பிடிபடும். இது வரலாற்று நூல் கிடையாது. இலக்கிய வரலாறு கிடையவே கிடையாது. இது ஒரு நிலப் பத்திரம். அளநாடு என்று அன்று பெயர் பெற்றிருந்த எங்கள் பள்ளத்தாக்குப் பகுதியில், நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று புதுப்பெயர் சூட்டி ஒரு பிராமணருக்குக் கொடுத்ததற்கான ஆவணம்.

நம் வீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். பீரோவில் இருக்கிற ஒரு பழைய கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பவர் யார், அவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது, ஏன் விற்கிறார் என்று முதலில் ஒரு நீண்ட வாக்கியம் மூச்சு விடாமல் ஓடும். ‘குடும்ப அவசியச் செலவுக்காக’ விற்பதாகப் பெரும்பாலும் இருக்கும். ஊரிலேயே பெரிய பணக்காரர் விற்றாலும் குடும்ப அவசியச் செலவுதான். பத்திரம் எழுதுகிறவர் கைவழக்கம் அது. பிறகு சொத்து விவரம் வரும். சர்வே நம்பர், இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, பொதுப் பாதைக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்குள் இவ்வளவு ஏக்கர் இவ்வளவு சென்ட். கடைசியில் பின்னிட்டு வில்லங்கம் ஏதும் வந்தால் விற்றவரே பொறுப்பு என்ற வாக்குறுதி, கையெழுத்து, சாட்சிகள், பத்திரம் எழுதியவர் பெயர்.

நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் வந்து இருபதாம் நூற்றாண்டில் கம்பம் பள்ளத்தாக்கில் நிலம் விற்றவர்கள் எல்லாரும் வறுமையில் வாடினார்கள், ஆதாரம் ஆயிரக்கணக்கான பத்திரங்கள் என்று எழுதினால் நாம் சிரிப்போம். ஆனால் அதே பத்திரத்தில் வாய்க்கால் நிலத்துக்கு மேற்கே ஓடியது என்று இருந்தால் நம்புவோம். ஒரே காகிதம், ஒரே எழுத்தர், ஒரே மை. ஆனாலும் ஒரு வாக்கியத்தை ஒருவிதமாகவும் இன்னொரு வாக்கியத்தை இன்னொரு விதமாகவும் வாசிக்கிறோம். யாரும் சொல்லித் தராமலே நமக்கு இது தெரியும். செப்பேடு என்று வந்தால் மட்டும் மறந்துபோகிறது.

என் தொழிலிலும் இதே கதைதான். ஒரு சாஃப்ட்வேர் புராஜெக்டைத் திறந்தால் முதலில் ரீட்மீ கோப்பு இருக்கும். ‘மின்னல் வேகம், அசைக்க முடியாத பாதுகாப்பு’ என்றெல்லாம் அதில் இருக்கும். பக்கத்திலேயே லைசென்ஸ், கான்ஃபிக் கோப்பு, டெஸ்ட்டுகள், எர்ரர் லாக். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எந்த எஞ்சினியரும் ரீட்மீயைப் படித்து ‘பாதுகாப்பானதுன்னு போட்டிருக்கே’ என்று உட்கார்ந்திருக்க மாட்டார். லாகைத்தான் திறப்பார். அதற்காக ரீட்மீ பொய் என்றும் சொல்ல மாட்டார். இந்தப் புராஜெக்டை எழுதியவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் வேறு கிடையாது.

சின்னமனூர்ச் செப்பேட்டின் ரீட்மீ அதன் புகழுரை. வடமொழியில் ஒன்று, தமிழில் ஒன்று. கொடையைச் சொல்ல வருவதற்கு முன்னால் குலப்பெருமை சொல்ல வேண்டும் என்பது அக்கால ஆவண மரபு. நிலம் வாங்கியவரும் அவர் சந்ததியும் இந்தத் தகட்டை வைத்திருப்பார்கள். சபையில் வாசிப்பார்கள். வாசிக்கும்போது இதைக் கொடுத்த கை எப்பேர்ப்பட்ட கை என்று கேட்பவர்களுக்கு உறைக்க வேண்டும். கொடுத்தவன் பெரியவன் என்றால் கொடையும் அசையாது. புகழுரை செய்கிற வேலை அதுதான்.

இப்போது அந்தத் தமிழ்ப் புகழுரையின் மொழியைக் கவனியுங்கள். இங்கேதான் எனக்கு உண்மையான ஆர்வம். ‘படுத்தும்’, ‘வைத்தும்’, ‘வென்றும்’ என்று உம்மை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்களைக் கோத்துக்கொண்டே போகிற நடை. ஒவ்வொரு செயலும் சங்கிலியில் ஒரு கண்ணி. தலையாலங்கானத்தில் பகைவரை வென்றது ஒரு கண்ணி. பாரதத்தைத் தமிழாக்கியது ஒரு கண்ணி. மதுரையில் சங்கம் வைத்தது ஒரு கண்ணி. எது முந்தி, எது பிந்தி, எத்தனை ஆண்டு இடைவெளி, எந்த அரசன் எதைச் செய்தான் என்று எதுவும் கிடையாது. எல்லாம் ‘எங்கள் முன்னோர்’ செய்தவை. உம்மை எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குச் சமப்படுத்திவிடுகிறது. இராவணனோடு செய்த சமாதானமும் இந்திரனோடு போட்ட சண்டையும் இதே புகழுரைக்குள் வரிசையில் நிற்கின்றன. (இராவணன் சமாச்சாரம் இந்தக் கவிஞரின் சொந்தக் கற்பனையும் இல்லை. காளிதாசனின் இரகுவம்சத்திலேயே பாண்டியனைப் பற்றி இந்தச் செய்தி உண்டு. அரசவைக் கவிஞர்களுக்குப் பொதுவான சரக்கு.)

ஆகவே வரிசையில் பக்கத்தில் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இராவணன் இருப்பதால் தலையாலங்கானம் பொய்யாகிவிடாது. தலையாலங்கானப் போரைப் புறநானூறும் மதுரைக்காஞ்சியும் வேறு காலத்தில், வேறு நோக்கத்தில் சொல்லிவிட்டன. அதேபோல் தலையாலங்கானம் நிஜம் என்பதால் சங்கமும் நிஜம் என்று பக்கத்து வீட்டுக்காரரை வைத்து ஜாமீன் எடுக்கவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துணைச்சான்று தேட வேண்டும்.

பாரதத் தமிழாக்கத்துக்கு ஓரளவு துணை இருக்கிறது. தொகை நூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடியவரின் பெயரே ‘பாரதம் பாடிய பெருந்தேவனார்’. தமிழில் ஒரு பாரதம் புழங்கியது என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. செப்பேடு அவர் பெயரைச் சொல்லவில்லை, பாரதத்தைப் பாண்டியர் கணக்கில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவே.

சங்கத்துக்கு வருவோம். நம்மிடம் இருக்கிற விரிவான சங்கக் கதை இறையனார் அகப்பொருள் உரையில் வருவது. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. அந்த உரையின் நோக்கம் என்ன? ஒரு இலக்கண நூலுக்கு அதிகாரம் தேடித் தருவது. நூலைச் செய்தவர் இறைவன், உரை வந்த வழி இன்னின்ன புலவர்கள் என்று காட்டுவது. இதுவும் ஒருவகைத் தாய்ப் பத்திரம்தான்! இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த உரையில் எடுத்துக்காட்டுப் பாடல்களாகப் பெருவாரியாக வருவது பாண்டிக்கோவை. அதன் பாட்டுடைத் தலைவன் நெல்வேலிப் போரில் வென்ற பாண்டியன் நெடுமாறன். சின்னமனூர்ச் செப்பேடு பாடுகிற அதே குலம். அதாவது, சங்கத்தைப் பற்றி நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிற இரண்டு சான்றுகளும் ஒரே அரச குலத்தின் பெருமையோடு தொடர்புடையவை. இரண்டு தனித்தனிச் சாட்சிகள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம், ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கலாம்.

அப்படியானால் அந்த வரியால் பயனே இல்லையா? பெரிய பயன் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பாண்டிய அரசன் தன் குலத்தின் மிகப் பெரிய சாதனைகளைப் பட்டியல் போட உட்கார்ந்தபோது, போர்களுக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பையும் ஒரு புலவர் அவையையும் வைத்தான். இது எவ்வளவு அபூர்வம்! பட்டியலில் இடம்பிடிக்க எத்தனையோ போட்டி இருந்திருக்கும். தமிழ்ச் சங்கம் என்ற நினைவு அன்றைக்கு அரசாட்சிக்கு மதிப்புத் தருகிற சொத்தாக இருந்திருக்கிறது. இதை அந்த வரி எந்தச் சந்தேகமும் இல்லாமல் நிரூபிக்கிறது. அந்தச் சங்கம் எப்போது எப்படி நடந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அதன் வேலையும் அது இல்லை.

புகழுரை முடிந்து கொடைப் பகுதி வந்ததும் செப்பேடுகளின் தமிழே மாறிவிடும். இந்த மாற்றத்தைப் பார்க்க மிக வசதியானது சோழர்களுடைய ஆனைமங்கலம் செப்பேடு. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் காலத்தில் கொடுத்த கொடை, லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்று சொல்வார்கள். 21 தகடுகள். வடமொழிப் பகுதி 111 வரி, தமிழ்ப் பகுதி 332 வரி. தமிழ்ப் பகுதியின் பெரும்பங்கு எந்த வாய்க்காலுக்குத் தெற்கு, எந்த ஊர் எல்லைக்கு மேற்கு என்று ஊரைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே நடந்தார்கள். பெண்யானையை நடத்தி எல்லை சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். சிக்கல் வராமலிருக்க உடும்பு ஓடுகிற, ஆமை தவழ்கிற நிலம் வரை எல்லாம் சேர்த்தி என்று எழுதிக்கொண்டார்கள். சோழப் பேரரசின் குலவரலாற்றைக் கிடுகிடுவென்று சொல்லிவிட்டு ஒரு மடைக்கு மூன்று வரி செலவழிக்கிற ஆவணம்.

ஏன் அப்படி? புகழுரையில் ஒரு தவறு இருந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். எல்லையில் தவறு இருந்தால் அடுத்த போகத்திலேயே வரப்புத் தகராறு. பக்கத்து நிலத்துக்காரன் உயிரோடு இருக்கிறான், தகட்டில் எழுதுவதைக் காதில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். பொய் எழுதினால் பிடிபடுகிற இடத்தில் மொழி துல்லியமாகிறது. அன்றைய நீர்ப்பாசனம், வரி, அதிகாரிகளின் பதவிப்பெயர், ஊர்ப்பெயர் என்று நாம் நம்பிக்கையோடு சொல்கிற எதுவும் பெரும்பாலும் இந்தச் சலிப்பூட்டுகிற பகுதிகளிலிருந்துதான் வந்தது. மேடையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. கைத்தட்டல் கிடைக்காதே.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் வேள்விக்குடிச் செப்பேடு. பராந்தக நெடுஞ்சடையனின் 3-ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 770. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. களப்பிரர் பற்றிப் பேசுகிற எல்லாரும் இதைத் தொட்டே ஆக வேண்டும். ‘இருண்ட காலம்’ என்று பாடப்புத்தகத்தில் படித்த கதைக்கு முதன்மையான ஆதாரங்களில் ஒன்று இது. ஆனால் களப்பிரர் இதில் ஏன் வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

அரசன் மதுரையில் போகும்போது ஒருவர் வந்து முறையிடுகிறார். பெயர் நற்சிங்கன், கொற்கைக்காரர். "பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்குக் கொடுத்த வேள்விக்குடி, களப்பிரரால் பறிபோனது, திருப்பித் தர வேண்டும்" என்பது அவர் மனுவின் சாரம். அரசன் ஆதாரம் காட்டச் சொல்கிறான். அவர் காட்டுகிறார். நிலம் திரும்பக் கிடைக்கிறது. ஆக, களப்பிரர் இந்தச் செப்பேட்டுக்குள் வருவது ஒரு உரிமை வழக்கில், உரிமை ஏன் நடுவில் அறுந்துபோனது என்று மனுதாரர் சொல்கிற விளக்கமாக! தாய்ப் பத்திரத்துக்கும் இன்றைய தேதிக்கும் நடுவே ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்க ஒரு காரணம் தேவை.

களப்பிரர் ஆட்சி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு இடையீடு நடந்தது பொதுவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் மனு அரசவையில் எடுபடும். ஆனால் நிலம் பறிபோனவர் வம்சத்தின் மனுவை மட்டும் வைத்துக்கொண்டு, பறித்தவர்களின் ஆட்சி முழுவதையும் இருட்டு என்று தீர்ப்பெழுதிவிட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் ஆஜராகாமலே முடிந்த வழக்கு. இன்றைக்குப் பள்ளிக்கூடப் புத்தகங்கள் கொஞ்சம் நிதானமாகிவிட்டன, மேடைகள் இன்னும் ஆகவில்லை.

இதே வேள்விக்குடியின் இன்னொரு ஓரத்தைப் பாருங்கள். கொடையை நிறைவேற்றிய அதிகாரி மாறங்காரி. இவர் பெயர் மதுரை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டிலும் வருகிறது. அந்தக் கல்வெட்டின் நோக்கம் வேறு. இந்தக் கோயிலை மாறங்காரி எடுத்தார், முடிக்கும் முன்னே இறந்தார், தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார் என்று சொல்வது. கோயிலுக்கு நாள் குறிப்பது சடங்கில் முக்கியம். அதனால் கலியுக ஆண்டு 3871 என்று எழுதியிருக்கிறார்கள். அதுதான் கி.பி. 770. பாண்டியர் காலக் கணக்கில் நமக்கு உறுதியாகக் கிடைத்த ஆணிகளில் ஒன்று இது. பத்துப் பக்கப் புகழுரை தராத ஆண்டை, அண்ணன் இறந்த சோகத்தில் தம்பி வெட்டிய சின்னக் கல்வெட்டு தந்துவிட்டது. இரண்டு ஆவணங்களும் ஒன்றையொன்று மனதில் வைத்து எழுதப்படவில்லை. அதனால்தான் அவை சந்திக்கிற புள்ளி உறுதியாக இருக்கிறது.

மறுபடி எங்க ஊருக்கு. செப்பேட்டைக் கொடுத்த இராசசிம்மன் தன்னைப் பற்றி என்ன சொல்கிறான்? தஞ்சைக் கோனை வென்றான், கொடும்பாளூரில் போர் செய்தான், வஞ்சியை எரித்தான். வெற்றி மேல் வெற்றி. இதையே சோழ நாட்டிலிருந்து பார்த்தால், முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் அவனுடைய 3-ஆம் ஆண்டிலிருந்தே அவனை ‘மதுரை கொண்ட’ என்று சொல்லத் தொடங்கிவிடுகின்றன. பொதுவாக ஏற்கப்படும் கணக்குப்படி இராசசிம்மன் பட்டமேறியது கி.பி. 900 வாக்கில், பராந்தகன் 907-இல். அப்படியென்றால் இந்தச் செப்பேடு வெட்டப்படும்போது எதிராளி மதுரையைப் பிடித்ததாகச் சில ஆண்டுகளாகவே ஊர் ஊராகக் கல்லில் வெட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டு கம்பெனிகளின் ரிலீஸ் நோட்டும் வெற்றி என்றே சொல்கின்றன!

மூன்றாவது ஆவணம் இலங்கையிலிருந்து வருகிறது. பாலி மொழியில் பௌத்தத் துறவிகள் எழுதிய சூளவம்சம். அதற்கும் ஒரு நோக்கம் உண்டு, சிங்கள அரசர்களின் வரிசையைச் சொல்வது. பாண்டியனுக்கு உதவியாக ஐந்தாம் காசியப்பன் படை அனுப்பினான், அந்தப் படைத்தலைவன் கொள்ளைநோயில் இறந்தான், படை திரும்பியது என்கிறது. பிறகு பாண்டியன் இலங்கைக்கே அடைக்கலம் தேடி வந்தான், காரியம் நடக்காது என்று தெரிந்ததும் தன் மணிமுடியையும் மற்ற அரச உடைமைகளையும் அங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போனான் என்கிறது. தன் தரப்புப் படை தோற்றதை ஒத்துக்கொள்கிற இடம் என்பதால் நம்பத் தோன்றுகிறது.

ஒரு நூற்றாண்டு கழித்து, முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி. இது சுத்தமான புகழுரை, ரீட்மீயிலேயே பெரிய ரீட்மீ. அதில் ஈழத்தரசனிடமிருந்து என்னென்ன எடுத்தான் என்று பட்டியல் இருக்கிறது. முன்பு பாண்டியன் அவர்களிடம் வைத்துவிட்டுப் போன முடி, கூடவே இந்திரனுடைய ஆரம்.

இந்திரன் ஆரம்! சிலப்பதிகாரம் இந்திரனின் ஆரத்தைப் பாண்டியன் பூண்டதாகப் பாடுகிறது. பாண்டியர் குலப்பெருமைப் பட்டியலில் இந்திரனோடு மோதியது நிரந்தர உருப்படி. எதிர்த்தரப்பு நண்பர்கள் ‘வெறும் கட்டுக்கதை’ என்று முதலில் தூக்கி வீசுவது இதைத்தான். கடைசியில் பார்த்தால், இந்திரன் ஆரம் என்று பெயர் சொல்லி ஒரு நிஜமான நகை பாண்டியர் கருவூலத்தில் இருந்திருக்கிறது. அது கடல் தாண்டிப் போயிருக்கிறது, சோழன் அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொள்ளைப் பட்டியலில் எழுதியிருக்கிறான். இந்திரன் கொடுத்தானா என்பது வேறு விஷயம். பாலி நூலும் சோழக் கல்வெட்டும் ஒன்றுக்கொன்று பகைத் தரப்பு, மொழி வேறு, மதம் வேறு, நோக்கம் வேறு. இரண்டும் பாண்டியன் விட்டுப்போன முடியைப் பற்றி ஒரே சேதியைச் சொல்கின்றன. புகழுரை என்பதற்காகத் தூக்கிப் போட்டிருந்தால் இந்த முடிச்சு நமக்கு அவிழ்ந்திருக்காது. சின்னமனூர்ச் செப்பேட்டை மட்டும் வைத்து இராசசிம்மன் வரலாற்றை எழுதியிருந்தால், அவன் தஞ்சையை வென்று சுகமாக ஆண்டான் என்று முடித்திருப்போம்.

சங்ககாலத்துக்குச் சான்று வேண்டும் என்று சின்னமனூருக்கு வருகிறவர்களை நான் அதே மாவட்டத்தில் வேறு ஒரு இடத்துக்குப் போகச் சொல்வேன். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் புலிமான்கோம்பை. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் கணிப்பு. அதில் ஒரு கல்லில் இருப்பது சில சொற்கள் மட்டுமே. கூடல் ஊர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது அதன் சாரம். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் துறைகளில் வைக்கிற அதே சொல். புலவர் இலக்கணத்தில் மட்டுமே இருந்த சொல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது, தேனி மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு சாவைக் குறிக்கப் புழங்கியிருக்கிறது.

அந்தக் கல்லில் உம்மைச் சங்கிலி கிடையாது. பாண்டியன் கிடையாது, அகத்தியர் கிடையாது, இந்திரன் கிடையாது. சங்கத்தைப் பற்றி எதையும் நிரூபிக்க அதை வெட்டியவருக்கு உத்தேசமே இல்லை. மாடு பிடிக்கிற சண்டையில் ஒருத்தன் செத்தான். அவனுக்கு வேண்டப்பட்டவர்கள் அவன் பேரையும் ஊர்ப் பேரையும் செத்த காரணத்தையும் கல்லில் வெட்டி நட்டுவைத்தார்கள்.